ஞாயிற்றுக்கிழமைப் பள்ளம்

1

ஜெனி, ஷைனி, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படிக்கணும். ஷைனி, உனக்குத் தமிழ் எழுத்து வராது, ஸ்கூலில் தெலுங்குதான் எடுத்தாய். அக்கா சண்டே ஸ்கூலில் கற்றுக்கொண்டதை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லுவாள். நான் சித்தூர் மிஷன் ஸ்கூலில் பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவன். அப்புறம் ஐடிஐ. தெலுங்கில் சண்டை போடுவேன், இந்தியில் வேலை கேட்பேன், அரபியில் சரி சரி என்று தலையாட்டுவேன். மனசில் இருப்பதை எழுதணும் என்றால் எனக்கு இது ஒன்றுதான் வரும்.

போன வியாழக்கிழமை கம்பெனி ஆபீசில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் ஆச்சு, அடுத்த மாசம் குவைத்தை முடித்துக்கொண்டு வருகிறேன். அதுக்கான ஃபாரம். பெயர், பாஸ்போர்ட் நம்பர், அப்பா பெயர் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். "ஊரில் தங்கப்போகும் முகவரி" என்று ஒரு கட்டம் இருந்தது. சித்தூர் வீட்டு நம்பரைப் பாதி எழுதி அடித்தேன். திருப்பதி என்று எழுதி அதையும் அடித்தேன். கவுன்டரில் இருந்த எகிப்துக்காரர் பேனாவால் கண்ணாடியைத் தட்டினார். அவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "கர் நஹி?" என்றார். வீடு இல்லையா என்று கேட்கிறார்.

"வீடு இருக்கு. ஆள் இல்லை" என்றேன்.

"அப்படின்னா சண்டையே இல்ல. கொடுத்துவெச்சவன் நீ" என்று சொல்லிச் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். ஃபாரத்தை அப்புறம் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சித்தூருக்கு வந்தால் பூட்டைத் திறக்கணும். திருப்பதிக்கு வந்தால் உங்க அம்மா கதவைத் திறக்கணும். பூட்டுக்குச் சாவி என்னிடம் இருக்கிறது.

2

இது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது.

இங்கே பெரிய வீடுகளில் இப்போது எல்லாம் சென்சார்தான். கதவில் ஒன்று, கூரையில் ஒன்று, மோட்டாரில் ஒன்று, ஏசியில் ஒன்று. நான் ஒயர் இழுக்கிற ஆள். மலையாளி சூப்பர்வைசர் ஒருத்தர் இருந்தார், அவர் லேப்டாப்பில் இதையெல்லாம் கோடு கோடாக வரைந்து வீட்டுக்காரருக்குக் காட்டுவார். வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்துகொண்டே எந்த ரூமில் ஏசி ஓடுகிறது, எந்தக் கதவு திறந்தது என்று பார்ப்பார். நான் பின்னால் நின்று பார்ப்பேன். அதே வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு இது எதுக்கு, தூரத்தில் இருக்கிற எனக்குத்தானே வேணும் என்று தோன்றியது. அவரிடம் கேட்டுக் கேட்டு ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது சூட்கேசில் உங்களுக்கு சாக்லேட் குறைவாக இருந்தது என்று ஷைனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மிச்ச இடத்தில் சென்சார் இருந்தது. சமையலறை அலமாரிக்கு மேலே சூடு பார்க்கிறது ஒன்று, ஹாலில் ஆள் நடமாட்டம் பார்க்கிறது ஒன்று, வாசல் கதவில் காந்தம், மோட்டாருக்கு ஒரு பிளக். எல்லாத்தையும் ரவுட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் சேர்த்து வைத்தேன். உங்க அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க இது, வீட்டுக்கு ஈசிஜி எடுக்குறீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

ஈசிஜி மாதிரிதான் இருந்தது. படுக்கை வாட்டில் போவது நேரம். மேலே ஏறுவது சமாச்சாரம். சமையலறைக்குச் சிவப்புக் கோடு. காலையில் இட்லிக்குத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தால் அது ஏற ஆரம்பிக்கும். ஹாலுக்குப் பச்சை, யாராவது நடந்தால் ஒரு குச்சி நிற்கும். ஜெனி இன்டர் காலேஜுக்குப் போகிற அவசரத்தில் பத்துக் குச்சி சேர்ந்து புல்லுக்கட்டு மாதிரி நிற்கும். மோட்டார் நீலம். கதவு கறுப்பு.

இங்கே விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ். அந்த பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகணும். மற்றவர்கள் தூங்குவார்கள், நான் போனில் அந்தக் கோடுகளைப் பார்ப்பேன். சிவப்பு ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரனிடம், "எங்க வீட்டுல அடுப்பு பத்த வெச்சாச்சி" என்பேன். அவனும் முதலில் ஆசையாகத்தான் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் வேறு மாதிரி இருக்கும். எட்டரைக்குக் கறுப்புக் கோடு, எல்லாரும் சர்ச்சுக்குக் கிளம்பியாச்சு. அங்கேயிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் தரையோடு படுத்துவிடும். ஒரு பள்ளம். அப்புறம் ஒரு மணிக்கு மேல் சிவப்பு கிடுகிடுவென்று ஏறும், ஆட்டுக்கறி வேகிறது என்று அர்த்தம். என்னால் அதை முகர்ந்து பார்க்கக்கூட முடியும் போல இருக்கும்.

ஒரு தடவை மத்தியானம் மூணு மணிக்குச் சிவப்புக் கோடு இறங்காமல் நின்றது. போன் போட்டேன். அம்மா பால் வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். ஓடிப்போய் அணைத்தாள். "நீங்க அங்க இருந்துக்கினே அடுப்ப பாத்துக்குறீங்களே" என்று எல்லாரிடமும் சொன்னாள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

3

உங்களை இங்கே கூட்டிவர மூணு தடவை விண்ணப்பம் போட்டேன். என் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது என்று மூணு தடவையும் அதே முத்திரை. மூணாவது தடவை அந்த ஆள் பேப்பரைப் படிக்கக்கூட இல்லை, என் சட்டையைப் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்தான். ஊரிலும் அப்படித்தான். ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்க நான் வரவில்லை என்று வார்டு செயலகத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். வீட்டில் மூணு பேர் என்று இருக்கிறது. அம்மா அதைச் சொன்னபோது, "அரிசி தானே போச்சி, உடுங்க" என்றாள். எனக்கு அரிசியைப் பற்றிக் கவலை இல்லை.

நீங்களும் போனில் குறைந்துகொண்டே வந்தீர்கள். முதலில் ரெண்டு பேரும் போனைப் பிடுங்கிக்கொண்டு பேசுவீர்கள். அப்புறம் ஜெனி "நைனா, அப்புறமா கூப்புடுறேன்" என்பாள். ஷைனி நைனாவை விட்டுவிட்டு டாடி ஆக்கினாள். அப்புறம் தெலுங்கிலேயே பேச ஆரம்பித்தாள். நான் அவசரத்தில் "யல்லா", "கலாஸ்" என்று அரபியில் ஏதாவது சொல்லிவிட்டால் ரெண்டு பேரும் சிரிப்பீர்கள், அதுக்குள் சிக்னல் போய்விடும். நீங்க பேசாத நேரமெல்லாம் கோடுகள் பேசின. அவை லேட்டாக வருவதில்லை. "அப்புறமா" என்பதில்லை.

அதனால் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பத்தரைக்குக் கதவு எதுக்குத் திறந்தது? மோட்டார் ரெண்டு தடவை ஓடியிருக்கே, தொட்டி வழிந்ததா? நேற்று சமையலறை ஏழு மணிக்கே ஆறிப்போச்சே, சாப்பாடு வெளியில் வாங்கினீர்களா? நல்லதுக்குத்தான் கேட்டேன். ஒவ்வொரு வாரமும் கோடுகளைக் கூட்டி வகுத்து "சராசரி நாள்" என்று ஒரு படம் செய்து உங்களுக்கு அனுப்புவேன். அதில் எந்த நாள் மேலே போனது, எந்த நாள் கீழே போனது என்று அம்பு போட்டு வைப்பேன். ஒருநாள் ஷைனி, "டாடி, மீரு ஃபோன் சேஸ்தே இன்டர்வ்யூ லாகா உந்தி" என்றாள். நீங்க போன் பண்ணினால் இன்டர்வியூ மாதிரி இருக்கிறது என்கிறாள். நான் அதைக்கூட பக்கத்து சீட்டுக்காரனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

4

இப்போது எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூணு நாள் பேனாவை மூடி வைத்தேன்.

ஜெனி திருப்பதியில் இன்ஜினியரிங் சேர்ந்து, அடுத்து ஷைனியும் பத்தாவது முடித்து அங்கேயே இன்டர் சேர்ந்த பிறகு சித்தூர் வீட்டில் உங்க அம்மா தனி. ஒரு வாரம் பார்த்தேன். மத்தியானம் ரெண்டு நாற்பதுக்குக் கதவு. திரும்ப நாலரைக்குக் கதவு. நடுவில் ஹாலில் ஒரு குச்சி கிடையாது. திங்கள், செவ்வாய், புதன், அதே நேரம், அதே அளவு. போனில் கேட்டேன். "சும்மாதாங்க, பக்கத்துலதான்" என்றாள். பக்கத்தில் என்றால் எங்கே என்று கேட்டேன். "பக்கத்துலதாங்க" என்றாள் மறுபடியும்.

நான் அந்தப் படத்தை எடுத்து, ரெண்டு நாற்பதையும் நாலரையையும் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, நம்ம குடும்ப ஜெபக் குழுவில் அனுப்பினேன். உங்க மாமாமார், அவங்க வீட்டுக்காரிகள், வேலூர் சித்தி, என் அண்ணன், பாஸ்டர் அம்மா எல்லாரும் இருக்கிற குழு. தினமும் காலையில் வசனம் போடுகிற குழு. கீழே எழுதினேன்: "எஸ்தர் தினமும் இந்த நேரத்தில் எங்கே போகிறாள் என்று யாராவது கேட்டுச் சொல்லவும். ஜெபித்துக்கொள்ளவும்."

ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. வரிசையாகக் கைகூப்பிய படம்தான் வந்தது. பதினாலு பேர் கைகூப்பினார்கள். பாஸ்டர் அம்மா ஒரு சங்கீதம் போட்டார்கள்.

உங்க அம்மா சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. சாயங்காலம் போன் பண்ணி, "பக்கத்து வீட்டு பாஸ்கர் அம்மாவோட உக்காந்து டீ குடிச்சிக்கினு இருந்தேங்க. அவங்க வீட்டுல மேல ஒன்னும் மாட்டல. அதான்" என்றாள். அதுக்கப்புறம் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். கேட்டால் பதில், கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை.

5

அதுக்குப் பிறகு வந்த மூணு மாசம்தான் நம்ம குடும்பம் ஒழுங்காக இருந்த மாசம் என்று நான் நினைத்தேன்.

காலை ஆறு, ஆறே கால் போல மோட்டார். ஆறரைக்குச் சிவப்பு ஏறும், எட்டுக்கு இறங்கும். மத்தியானம் கதவு அசையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை திறக்கும், பத்து நிமிஷத்தில் மூடும், பால் வாங்கியிருப்பாள். ராத்திரிச் சமையல் எட்டுக்குள் முடிந்துவிடும். ஒருநாள் ரெண்டு மணி நேரம் எல்லாக் கோடும் அறுந்து மறுபடியும் வந்தது, கரென்ட் போயிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். வீடியோவில் வரமாட்டாள், போனில் கேமரா உடைந்துவிட்டது என்றாள். புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். சிக்கனமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த மூணு மாசமும் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போனைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அவள் திருந்திவிட்டாள் என்றுகூட நினைத்தேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

6

இங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. சர்ச்சும் வெள்ளிக்கிழமைதான். தமிழ் ஆராதனை, பாட்டு, பிரசங்கம், பிரியாணிப் பொட்டலம் எல்லாம் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள், ஏணி மேலே நிற்பேன். பத்தொன்பது வருஷத்தில் ஞாயிறு என்பது எனக்கு வெறும் பெயராகிப் போனது.

முந்தின நாள் ராத்திரி கடைவாய்ப்பல் பிடுங்கினதால் அன்றைக்கு ரூமிலேயே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. சித்தூரில் அறுப்பின் பண்டிகை என்று குழுவில் போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் உங்க அம்மா தோட்டத்துப் பூசணிக்காயை ஏலத்துக்குக் கொண்டுபோவாள். யாராவது ஒரு விலை சொல்லி எடுத்து, மறுபடியும் சர்ச்சுக்கே கொடுத்து, மறுபடியும் ஏலம் விட்டு, அந்தப் பூசணிக்காய் மூணு வீடு சுற்றும். அந்த ஞாபகத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு போனைத் திறந்தேன். இங்கே எட்டு மணி. அங்கே பத்தரை.

ஹாலில் பச்சைக் குச்சிகள். சமையலறை சூடாக இருக்கிறது. காலையிலிருந்து கதவு திறக்கவே இல்லை.

உடம்பு சரியில்லையோ என்று பயந்து போன் போட்டேன். எடுத்தாள். பின்னால் பாட்டுச் சத்தம். ரகசியக் குரலில், "சர்ச்சுல கீறேங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

போனில் கோடு ஏறிக்கொண்டிருக்கிறது. ஹாலில் யாரோ நடக்கிறார்கள். பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இல்லை. போன வாரத்தைத் தள்ளிப் பார்த்தேன். இல்லை. அதுக்கு முந்தின வாரம், இல்லை. பதினோரு ஞாயிற்றுக்கிழமை பள்ளமே இல்லை. கறி வேகிற ஏற்றமும் இல்லை.

என் புத்தி எங்கே போனது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அவள் சர்ச்சில் இருக்கிறாள் என்றால் வீட்டில் யார்? இல்லை, வீட்டில் இருந்துகொண்டே பாட்டைப் போட்டுவிட்டுப் பொய் சொல்கிறாளா? கூட யாராவது? ரெண்டு நிமிஷத்துக்குள் என்னென்னவோ கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு பாஸ்கருக்குப் போன் போட்டு, எங்க வீட்டுக் கதவைத் தட்டி யார் இருக்கிறார்கள் என்று பார் என்றேன்.

அவன் வெளியில் வந்து பார்க்கக்கூட இல்லை. "எவருன்டாரு அன்னா? மூடு நெலல நுஞ்சி தாளமே கதா" என்றான். மூணு மாசமாகப் பூட்டுத்தானே தொங்குகிறது, யார் இருப்பார்கள் என்று கேட்கிறான். அப்புறம் தமிழுக்கு வந்தான். "அக்கா பொண்ணுங்களோட திருப்பதியிலதான கீறாங்க. உனுக்குத் தெரியாதாண்ணா?"

"தெரியும், தெரியும். மறந்துட்டேன்" என்றேன். வாயிலிருந்த பஞ்சு ரத்தமாகிவிட்டது.

சர்ச்சில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கைகூப்பின பதினாலு பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் சொன்னதும் நிஜம், திருப்பதியில் சர்ச்சில்தான் இருந்தாள். கிராஃப்தான் பொய். நான் கிராஃபை நம்பினேன்.

7

ஜெனி, நீ போனை எடுத்ததும் நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே, "பாஸ்கர் அங்கிள் சொன்னாரு" என்றாய்.

"நீதானா?"

"நான்தான் நைனா."

கோபத்தை விட்டுவிட்டு, முதலில் என் வாயில் வந்தது, "எப்படிப் பண்ண?" என்பதுதான். அதுக்காக நான் இப்போது வெட்கப்படுகிறேன், ஆனால் அப்போது தொழில்காரன் புத்தி முன்னால் வந்துவிட்டது. நீ சொன்னாய். திருப்பதியில் இருந்தே பெட்டிக்குள் போய், சென்சார் எழுதுகிற இடத்தில் உன் ப்ரோக்ராம் எழுதுகிற மாதிரி செய்திருக்கிறாய். பழைய நாள் ஒன்றை எடுத்து, தினமும் நாலு நிமிஷம் முன்னே பின்னே தள்ளி, சூட்டை அரை டிகிரி ஏற்றி இறக்கி.

"கரென்ட் கட்டுகூட வெச்சேன் நைனா" என்றாய். உன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது, சொல்லாமல் இருக்கக் கூடாது.

"ஞாயித்துக்கிழமைய மறந்துட்டியே."

"ஆமா இல்ல?" என்றாய். "இங்க ஞாயித்துக்கிழமைன்னா துணி தொவைக்கிற நாளு நைனா. அம்மா மட்டும்தான் சர்ச்சுக்குப் போவாங்க. எனக்குத் தோணவே இல்ல."

சர்ச்சுக்குப் போவதையே விட்டுவிட்டாயா என்று திட்ட வாயெடுத்தேன். பதினோரு ஞாயிறு பள்ளம் இல்லாததை நானும்தானே பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"எந்த நாளை எடுத்த?"

"ஒரு புதன்கிழமை."

"ஏன் புதன்கிழமை?"

"உன் மெசேஜையெல்லாம் மேல தள்ளித் தள்ளிப் பாத்தேன். நீ ஒரு கேள்வியும் கேக்காத நாள் எதுன்னு தேடினேன். அது ஒன்னுதான் கெடச்சது."

அப்போது ஷைனி போனைப் பிடுங்கினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் தமிழில் பேசினாள். "அம்மா அந்த வீட்டுல பாத்ரூம் போறப்போகூட மேல பாத்துக்கினு போவாங்க டாடி. உங்குளுக்குத் தெரியுமா?" பாத்ரூமில் சென்சாரே இல்லை என்று சொல்ல வந்தேன். சொல்லியும்விட்டேன். "அது எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

அம்மா திருப்பதியில் புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், மலைக்கு வருகிற ஜனங்கள் வாங்குகிற கடை என்பதையும் அப்போதுதான் சொன்னீர்கள். கடையில் கேமரா இருக்குமே என்று கேட்டேன், புத்தி போகவில்லை பாருங்கள். "கீது. ஆனா அது எல்லாரையும் பாக்குது, என்னை மட்டும் இல்லன்னு அம்மா சொன்னாங்க" என்றாய் நீ, ஜெனி.

ப்ரோக்ராமை நீ அன்றைக்கே நிறுத்திவிட்டாய். இப்போது பஸ்ஸில் போகும்போது பார்த்தால் நாலு கோடும் தரையோடு கிடக்கின்றன. சித்தூர் வீட்டில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமை.

8

வேலை மட்டும் அதேதான். போன வாரம் ஒரு வீட்டில் வேலைக்காரர் ரூம் கதவுக்குக் காந்தம் வைக்கச் சொன்னார்கள். நம்ம ராயச்சோட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே வேலை செய்கிறாள். நான் ஸ்க்ரூ முடுக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதி எவரிகி செப்துந்தி அன்னா?" இது யாருக்குச் சொல்லும் என்று கேட்டாள். மேடத்துக்கு என்றேன். "அலாகா? அய்தே ஊர்லோ நா மொகுடுகி கூட ஒகட்டி பெட்டி ரா" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊரில் இருக்கிற என் புருஷனுக்கும் ஒன்று மாட்டிவிட்டு வா என்கிறாள். நானும் சிரித்தேன். மாட்டிவிட்டுத்தான் வந்தேன். மாட்டவில்லை என்று உங்களிடம் பெரிய மனுஷன் மாதிரி எழுத எனக்கு ஆசைதான்.

9

ஒன்பது நாள் உங்க அம்மா போன் எடுக்கவில்லை. பத்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். இங்கே காலை வேலைக்கு நடுவில் டீ குடிக்கிற நேரம்.

"சாப்டீங்களா?"

"ஆச்சி. நீ?"

"துன்னேன். ஜெனி மேல கோபப்படாதீங்க. நான் சொல்லித்தான் செஞ்சா."

"கோபம் இல்ல."

"பல்லு வலி?"

"போச்சி."

அப்புறம் அவளே கேட்டாள். "முடிச்சிக்கினு வர்றீங்களாமே."

"அடுத்த மாசம்."

"வாங்க. இங்க ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அவ்ளோதான். பொண்ணுங்க ரூமுல படுக்கும். நாம சமையல்கட்டுலதான் படுக்கணும். கால் நீட்டினா சிலிண்டர் இடிக்கும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏணிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "நான் காலை மடக்கிக்கினு படுத்துக்குறேன்" என்றேன்.

"ஆனா ஒன்னு. நான் எங்க போறேன், எதுக்குப் போனேன், ஏன் லேட்டுன்னு என்னைக் கேக்கக் கூடாது. நானா சொன்னா கேட்டுக்கணும். சொல்லலைன்னா சும்மா இருக்கணும். உங்களால முடியுமா?"

"முடியும்."

"யோசிச்சிச் சொல்லுங்க."

"யோசிக்க ஒன்னும் இல்ல. கர்த்தர் சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேணாம்" என்றாள். சிரிக்கிற குரல். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்டேன்.

அதோடு வைத்திருக்கலாம். "சரி எஸ்தர், வேலையிருக்கு" என்று சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் எனக்கு வைக்க மனசு வரவில்லை. இன்னும் பேசணும், ஆனால் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ஒரு கண்டக்டர் அலிபிரி, அலிபிரி என்று கூவினான். அது அவளுக்குக் கடை நேரமாச்சே என்று ஒரு நினைப்பு ஓடியது. நினைப்பு ஓடி முடிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"இப்ப எங்க கீற?"

மூச்சு விடுவது கேட்டது. இன்னொரு பஸ் போனது.

"எஸ்தர், சும்மாதான் கேட்டேன். போன்ல எல்லாரும் கேக்குறதுதானே..."

வைத்துவிட்டாள்.

ஆறு நாள் ஆச்சு. அவள் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என் வாயில் முதலில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.